உளிக்கு என்ன கூலி?

ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்குப்படி, கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் சுமார் 852 ரூபாய், தமிழ்நாட்டில் 500, மத்தியப் பிரதேசத்தில் 278. ஒரே வேலைக்கு மூன்று மடங்கு வித்தியாசம்! இது எல்லாக் கட்டுமானத் தொழிலாளர்களுக்குமான சராசரி. கைத்தேர்ச்சி பெற்ற தச்சருக்கு இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

ஆனால் நாள்கூலி மட்டுமே தச்சரின் வருமானமல்ல. தேக்கு நிலை, கதவு என்றால் உருப்படிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். பிளைவுட் அலமாரி, சமையலறை வேலைகளுக்குச் சதுர அடிக் கணக்கு. வேகமாகச் செய்பவருக்கு இதில் லாபம் உண்டு. அளவு பிசகிப் பலகை வீணானாலோ, வீட்டுக்காரர் நடுவில் வடிவத்தை மாற்றினாலோ நஷ்டம் பெரும்பாலும் தச்சரின் தலையில்தான் விழுகிறது. அது நியாயமே இல்லை. ஒப்பந்தம் எடுத்தவர் உதவியாளர் கூலியையும் கருவித் தேய்மானத்தையும் அந்தத் தொகைக்குள்ளேயே சமாளிக்க வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுவோர் குறைவு, வேலையும் குறைகிறது.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தச்சர்களும் சேரலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் பதிவு செய்தவர்களுக்குக் கிடைக்கும். உங்கள் வீட்டில் வேலை செய்யும் தச்சர் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.