ஆபரேஷனுக்கு அப்புறம் கொழுப்பு எங்கே போகுது?

இந்த வார எபிசோட்ல அவசரமா தாண்டிப் போன ஒரு விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவா எழுதுறேன்: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை. நம்ம வீடுகள்ல யாராவது அதைச் செஞ்சுக்கிட்டா, வெளியே "பித்தப்பை ஆபரேஷன்"னு சொல்லிடுறாங்க. (வேகமா எடை குறையும்போது பித்தப்பையில கல் வர்றது நிஜமாவே சகஜம். அது வேற கதை.) வாயைக் கட்டத் தெரியாம குறுக்கு வழியில போயிட்டாங்கன்னு நாலு பேர் பேசுவாங்களேங்கிற பயம்தான். கணக்கைப் பார்த்தா அந்தப் பேச்சு நிக்காது.

முதல்ல, கொழுப்பு வியர்வையா உருகி ஓடுறதில்லை. 2014-ல சிட்னி ஆய்வாளர்கள் இதைத் தெளிவா கணக்குப் போட்டுக் காட்டினாங்க: 10 கிலோ கொழுப்பு எரிஞ்சா 8.4 கிலோ கரியமில வாயுவா மூச்சுல போகும், மீதி 1.6 கிலோ தண்ணீர். அதனால மூச்சை அளந்தா எரிபொருளையே படிச்சிடலாம். படுத்திருக்கிறவர் தலைமேல ஒரு கண்ணாடிக் கூடு மாதிரி வெச்சு, உள்ளே போற ஆக்சிஜனையும் வெளியே வர்ற கரியமில வாயுவையும் அளப்பாங்க. அந்த விகிதம் 1.0 பக்கம் இருந்தா உடம்பு மாவுச்சத்தை எரிக்குது, 0.7 பக்கம் இருந்தா கொழுப்பை. ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மாதங்கள்ல சாப்பாடு ரொம்பக் குறைஞ்சுடும். அப்போ இந்த எண் கீழே இறங்கும், அதாவது சேமிப்பிலிருந்து செலவு நடக்குது.

சரி, வெறும் பட்டினியிலும் இதேதானே நடக்கும்? நடக்கும். அங்கேதான் சிக்கலும் வருது. கொழுப்பு குறைஞ்சா லெப்டின் ஹார்மோன் விழும். "சரக்கு தீருது"ன்னு மூளை செலவை வெட்டும், பசியைக் கூட்டும். 'தி பிக்கஸ்ட் லூசர்' டிவி போட்டியில எடை குறைச்ச 14 பேரை கெவின் ஹால் குழு ஆறு வருஷம் கழிச்சு அளந்தது. அவங்க உடம்பு அளவுக்கு எதிர்பார்த்ததை விட ஓய்வுநிலைச் செலவு தினம் சுமார் 500 கலோரி கம்மி. 2016-ல வந்த ஆய்வு இது. எடையும் பெரும்பாலும் திரும்பி வந்திருந்தது.

அதே குழு, பைபாஸ் செஞ்சவங்களை இந்தப் போட்டியாளர்களோட ஒப்பிட்டும் பார்த்தது. ஆறு மாசத்துல பைபாஸ்காரங்களுக்கும் செலவு எதிர்பார்த்ததுக்குக் கீழேதான் இருந்தது. ஒரு வருஷத்துல அந்த வெட்டு கணிசமா மறைஞ்சிருந்தது. ஆக ஆபரேஷன் மெட்டபாலிசத்தை "வேகப்படுத்துது"ன்னு யூடியூப்ல சொல்றதை அப்படியே நம்பாதீங்க. எலிகள்ல அப்படிப் பார்த்திருக்காங்க, மனுஷங்கள்ல ஆதாரம் கலவையா இருக்கு. பெரிய மாற்றம் பசிப் பக்கம்தான். பைபாஸுக்கு அப்புறம் சாப்பாடு சிறுகுடலுக்குச் சீக்கிரம் போய்ச் சேருது, ஜி.எல்.பி-1 போன்ற "போதும்" ஹார்மோன்கள் எகிறுது. ஸ்லீவ்ல இரைப்பையோட சுமார் 80 சதவீதம் வெட்டி எடுக்கப்படுது. பசி ஹார்மோன் கிரெலின் பெரும்பாலும் சுரக்கிற பகுதியும் அதோட போயிடுது. மன உறுதி இதுல எங்கே வருது, சொல்லுங்க?

நம்ம ஆக்லாந்துலயே இதுல முக்கியமான வேலை நடந்திருக்கு. ரிங்கி மர்ஃபி, மைக்கேல் பூத் குழுவினர் நார்த் ஷோர் மருத்துவமனையில டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 114 பேரைச் சீட்டுப் போட்ட மாதிரி ரெண்டா பிரிச்சாங்க: ஸ்லீவ், வளையம் போட்ட பைபாஸ். யாருக்கு எதுன்னு நோயாளிகளுக்கே சொல்லலை. ஒரு வருஷத்துல பைபாஸ்காரங்க எடை அதிகமா குறைஞ்சது, ஆனா சர்க்கரை கட்டுக்குள் வந்ததுல பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது சர்க்கரை, எடையோட நிழல் மட்டும் இல்லை. நமக்கு இது சும்மா தகவல் இல்லை: தெற்காசிய உடம்புல குறைஞ்ச எடையிலேயே கொழுப்பும் சர்க்கரையும் சேரும். அதனாலதான் 2022 சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு பி.எம்.ஐ 27.5-லேயே இந்த சிகிச்சையைப் பரிசீலிக்கச் சொல்லுது.

ஒரு எச்சரிக்கை. எரியிறது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் கரையும். தசை போனா ஓய்வுநிலைச் செலவும் சேர்ந்து இறங்கும். அம்மாவோ மாமாவோ செஞ்சுக்கப் போறாங்கன்னா, அந்தச் சின்ன வயித்துல முதல் இடம் சாதத்துக்கு இல்லை. பருப்பு, முட்டை, தயிர், மீன், அப்புறம்தான் மத்ததெல்லாம். சைவமா இருந்து மெட்ஃபார்மினும் சாப்பிட்டவங்களுக்கு பி12 ஏற்கெனவே குறைவா இருக்கலாம், அதை ஆபரேஷனுக்கு முன்னாடியே பரிசோதிக்கச் சொல்லுங்க. வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் தொடரணும்.