கிளி எடுக்கும் சீட்டு

கிளி ஜோசியரின் கட்டில் வழக்கமாக 27 சீட்டு; நட்சத்திரத்துக்கு ஒன்று. கிளி சீட்டு எடுப்பது நெல்லுக்காகத்தான். (1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் அடைப்பதே குற்றம்.)

முருகன் படம் வந்தால் தடை விலகுமாம். எந்தத் தடை? அங்கேதான் விஷயமே! பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் எங்கப்பாவுக்கு 'கடன் தீரும்'. எனக்கு 'படிப்பு முடியும்'. படம் ஒன்று, பலன் ஆளைப் பார்த்து.

மேல்நாட்டு டாரட்டும் அப்படியே. 78 சீட்டு. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாடப் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டில்தான் குறி சொல்வது பரவியது. 'மரணம்' சீட்டு வந்தால் சாவு இல்லை, மாற்றம் என்பார்கள். சாமர்த்தியம்தான்!

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். 'டிப்ளமா சேர்க்கலாமா?' என்று அம்மா சீட்டு கேட்டாங்க. நல்ல படம் வந்தது. கிளி பக்கத்துச் சீட்டைக் கொத்தியிருந்தால் நானும் இப்போ தறியில்தான்.