நேற்று மழை பெய்திருந்தாலும் இன்று லாலாங் எரியும்

மாசி மகத்திற்குச் செங் சன்னாசிமலைக்குப் போய்வருபவர்களுக்கு அந்த மாதத்து மலாக்கா வெயிலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓயும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலும் நம் மாநிலத்தில் மழை குறைகிறது. தோட்டத்து ஓரங்களிலும் தரிசு நிலங்களிலும் லாலாங் தீ பிடிப்பது பெரும்பாலும் இந்த நாள்களில்தான்.

தீ என்றால் பலருக்கும் நீண்ட வறட்சிதான் நினைவுக்கு வரும். 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்காவே தண்ணீருக்குத் தவித்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் புல் எரிவதற்கு அவ்வளவு பெரிய வறட்சி தேவையில்லை. ஒரு நாள் நல்ல வெயிலும் காற்றும் போதும்.

நிறம் சொல்லும் செய்தி

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தீ அபாய நிலையை நாள்தோறும் வரைபடமாக வெளியிடுகிறது. கனடா நாட்டு முறையைத் தழுவி அமைந்த கணக்கு அது. வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், கடந்த 24 மணி நேர மழை ஆகிய நான்கையும் வைத்து அபாயத்தைக் கணிக்கிறார்கள். நீலம் என்றால் குறைவு, பச்சை மிதம், மஞ்சள் அதிகம், சிவப்பு மிக அதிகம்.

இதில் நமக்கு முக்கியமானது காய்ந்த புல், சருகு ஆகியவற்றின் ஈரத்தைக் காட்டும் கணக்கு. மெல்லிய சருகு ஒரு நாளுக்குள் தன் ஈரத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தூறலை இந்தக் கணக்கு மழையாகவே எடுத்துக்கொள்வதில்லை. மண்ணின் ஆழத்தில் உள்ள வறட்சிக்கு வேறு கணக்கு. அது ஏறி இறங்க வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் கால்வாயில் தண்ணீர் ஓடும்போதே மேட்டில் உள்ள புல் பற்றிக்கொள்கிறது. "நேற்றுத்தானே மழை பெய்தது" என்று தைரியமாகக் குப்பைக்குத் தீ வைப்பது ஆபத்தில் முடிவது இப்படித்தான்.

எரித்தால் லாலாங் அழியாது

லாலாங்கைக் கொளுத்திவிட்டால் இடம் சுத்தமாகிவிடும் என்ற எண்ணம் தவறானது. அதன் வேர்த்தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மேலே எரிந்ததும் போட்டிச் செடிகள் அழிந்து, லாலாங் முன்பைவிடத் தாராளமாகத் துளிர்க்கும். வெட்டிக்கொண்டே வருவதும், நிழல் தரும் மரம் வைப்பதும்தான் அதை அடக்கும் வழி.

திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி குற்றம். 2024இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின் அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரை போகலாம். ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. தகனம், சமயச் சடங்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு இருக்கிறது.

குப்பை லோரி உள்ளே வராத தோட்டங்களில் குப்பையை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. குடியிருப்பு மக்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் எழுத்து மூலமாக ரோரோ தொட்டி கேட்பது ஒரு வழி. மஞ்சள், சிவப்பு நாள்களிலாவது தீ வைக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

பொம்பா வரும் வரை

அலோர் காஜா, ஜாசின், ஆயர் குரோ, ஜாலான் கூபு போன்ற இடங்களில் தீயணைப்பு நிலையங்கள் உள்ளன. ஆனால் தெபோங், கெமுனிங், ஜாசின் லாலாங் பக்கம் உள்ள ஒரு லயத்துக்கு வண்டி வந்துசேர நேரமாகும். தோட்டத்துக்குள் தீயணைப்புக் குழாய் இருக்கும் என்று நம்ப முடியாது. வண்டியில் கொண்டுவரும் தண்ணீரோ சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். எனவே அழைப்பவர் கொடுக்கும் தகவல்தான் பாதி வேலை.

999ஐ அழைத்ததும் முதலில் பேசும் பணியாளர் எந்தச் சேவை வேண்டும் என்று கேட்பார். "பொம்பா" என்று சொல்லுங்கள். பிறகு தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்தச் சாலை வழியாக நுழைய வேண்டும், அருகில் உள்ள கோயில் அல்லது தமிழ்ப்பள்ளி ஆகியவற்றைச் சொல்லுங்கள். மலாயில் தடுமாறுபவர்கள் "லாலாங் தெர்பாக்கார், டெக்காட் ரூமா ஓராங்" என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளலாம். லாலாங் எரிகிறது, வீடுகளுக்குப் பக்கத்தில் என்று பொருள்.

அடுத்து, தோட்டத்து வாயிலில் சங்கிலி போட்டிருந்தால் சாவியோடு ஒருவர் அங்கே நிற்க வேண்டும். இன்னொருவர் முச்சந்தியில் நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும். வீடுகளில் எரிவாயுத் தோம்பை மூடிவிட்டு, பிள்ளைகளையும் முதியவர்களையும் புகை வராத பக்கம் அழைத்துச் செல்லுங்கள். காற்று வீசும் திசையில் தீக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. மேட்டை நோக்கியும் ஓடக் கூடாது. தீ மேட்டில் வேகமாக ஏறும்.

தீயை அணைக்க பொம்பா கட்டணம் வாங்குவதில்லை. எனவே காசுக்கு அஞ்சி அழைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். கோயில் நிர்வாகமோ பள்ளியோ கேட்டுக்கொண்டால் தீயணைப்பான் பயன்படுத்தும் பயிற்சியும் தருவார்கள். ஊர் இளைஞர்கள் சேர்ந்து பொம்பா சுக்காரேலா எனும் தன்னார்வத் தீயணைப்புக் குழு அமைப்பது பற்றியும் அருகிலுள்ள நிலையத்தில் விசாரிக்கலாம்.

பலகை வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் ஒரு வீடு பற்றினால் அடுத்ததும் தப்பாது. வீட்டைச் சுற்றியுள்ள காய்ந்த புல்லையும் மட்டைக் குவியலையும் இந்த வாரமே அகற்றுங்கள். டிவிஷன் பெயரையும் வழியையும் மலாயில் எழுதி, 999 எண்ணோடு கோயில் பலகையில் ஒட்டி வையுங்கள்.