ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு மலைக்கொடி

மாகாளிக்கிழங்கு ஊறுகாயை முதன்முதலாக முகர்பவர் முகம் சுளிப்பார். மூட்டைப்பூச்சி வாசம் என்பார். பழகியவருக்கோ மோர்ச்சோற்றுக்கு அதற்கு ஈடு கிடையாது. மண் போகக் கழுவி, தோல் சீவி, நடுவிலுள்ள கட்டையை நீக்கி, பொடியாக நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், கடுகுப்பொடி சேர்த்துப் புளித்த மோரில் ஊறப்போட்டால் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் ஜாடியிலிருக்கும் துண்டு எந்தச் செடியினுடையது? சாப்பிடுபவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

பார்க்க வேண்டுமானால் மலையேற வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் வழியில் கல்வராயன் மலையில் தென்படும் இலையுதிர் காடும் பாறைச் சரிவும் மாகாளிக்கு ஏற்ற நிலம். கிள்ளினால் பால் வடியும் கொடி இது. பாறை இடுக்கில் வேர்விட்டு, பக்கத்து மரத்தைப் பற்றி ஏறும். பூ சிறியது, கொத்தாகப் பூக்கும். காய்கள் இரட்டையாய்த் தொங்கி, முற்றி வெடிக்கும்போது பட்டுமயிர் சூடிய விதைகள் காற்றில் பறக்கும். எருக்கம்பஞ்சு நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. எருக்கும் மாகாளியும் ஒரே குடும்பம். 1834இல் ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னாட்டும் இதற்கு ‘டெகாலெபிஸ் ஹாமில்டோனி’ என்று பெயரிட்டார்கள். தென்னிந்தியாவுக்கு வெளியே இது இயற்கையாக வளர்வதில்லை.

அந்த வாசத்தின் கதை சுவையானது. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினிலும் மாகாளியின் மணப்பொருளிலும் இருப்பவை ஒரே அணுக்கள்: கார்பன் 8, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 3. அவை கோக்கப்பட்டிருக்கும் விதம் மட்டுமே வேறு. சேமித்த தானியத்தைத் தாக்கும் பூச்சிகளை இந்தக் கிழங்கு கொல்லும் என்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் காட்டியிருக்கிறார்கள்.

மணமே அதற்கு வினையாகவும் ஆனது.

ஊறுகாய்க்குத் தோண்டுகிறார்கள், மருந்துக்கும் தோண்டுகிறார்கள். மெல்லிய வேர் கொண்ட நன்னாரி வேறு செடி. அதற்குப் பதிலாகவும் தடித்த மாகாளி வேர் விற்கப்படுகிறது, சர்பத்துக்குப் போகிறது. இலையையோ காயையோ பறித்தால் கொடி மறுபடி தழைக்கும். இங்கே விலை போவது வேர். முழுவதையும் அகழ்ந்தெடுத்தால் செடியின் கதை அன்றோடு முடிந்தது. காய்க்கும் முன்பே எடுத்துவிட்டால் அதன் வாரிசும் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் 2015இல் மாகாளியை ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்ற படியில் வைத்தது. புலி இருப்பதும் அதே படியில்தான். புலிக்குக் காப்பகங்கள் உண்டு. மாகாளி சத்தமில்லாமல் மூட்டைகளில் இறங்கிப் போகிறது.

தோண்டும் மலைவாழ் மக்கள் மீது பழி போடுவது நியாயமில்லை. கிழங்கு சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே அவர்களுக்குத் தந்திருக்கிறது. காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் கிராமசபையிடம் ஒப்படைக்கிறது. பக்க வேர்களில் சிலவற்றை மட்டும் வெட்டி, தாய்வேரை விட்டு மண்ணை மூடினால் கொடி பிழைக்க வழியுண்டு. விதையிலிருந்தும் திசு வளர்ப்பிலிருந்தும் கன்றுகளை உருவாக்க முடியும் என்பதை ஆய்வகங்கள் காட்டிவிட்டன. அந்தக் கன்றுகள் கல்வராயன் மலையின் தோட்ட வேலிகளுக்கு வந்து சேர வேண்டும். வளர்த்த கிழங்குக்கு நல்ல விலையும் கிடைக்க வேண்டும்.

அடுத்த முறை சந்தையில் மாகாளிக்கிழங்கு வாங்கும்போது, இது தோட்டத்தில் விளைந்ததா, காட்டில் தோண்டியதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.