உத்தரவாதத்திற்கும் ஒரு விலையா?

குளிர்பதனப் பெட்டியோ தொலைக்காட்சிப் பெட்டியோ இல்லாத இல்லங்கள் அருகிவரும் காலம் இது. கடையில் பொருளைத் தேர்ந்தெடுத்து, பேரம் முடிந்து, பணம் கட்டும் மேசைக்கு வந்தபின் விற்பனையாளர் மெல்ல ஒரு வினாவைத் தொடுப்பார்: "வாரண்டி ஒரு வருஷம்தான் சார். கொஞ்சம் சேர்த்துக் கட்டினா மூணு வருஷம். போட்டுடலாமா?" இதற்கு நாம் என்ன விடை கூறுவது? வணிகவியல் மாணவன் என்ற முறையில் மட்டுமன்றி, இதில் அடிபட்டவன் என்ற முறையிலும் நான் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

என் தாயார் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் 19,500 ரூபாய்க்குத் தவணையில் ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கினோம். கூடுதலாக இரண்டு ஆண்டு உத்தரவாதம். அதற்கு 2,000 ரூபாய். "கம்ப்ரசர் போனா பத்தாயிரம் ஆகும்மா" என்று விற்பனையாளர் கூறியதும் அம்மா தலையசைத்துவிட்டார். அந்தக் கம்ப்ரசருக்கு நிறுவனமே 10 ஆண்டு உத்தரவாதம் தந்திருப்பதைப் பெட்டிக்குள் இருந்த அட்டையில் பின்னரே படித்தேன். (அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல நிறுவனங்கள் கம்ப்ரசரை மட்டுமே இலவசமாகத் தரும். வாயு நிரப்பவும் கூலிக்கும் நாம்தான் கொடுக்கவேண்டும்.)

இதன் கணக்கைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நூறு பேர் தலைக்கு 2,000 ரூபாய் கட்டுகின்றனர் எனக் கொள்வோம். திரள்வது 2 லட்சம். அவர்களுள் பத்துப் பேருக்குப் பழுது ஏற்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 4,000 ரூபாய் செலவானால் 40,000 ரூபாய் போகும். எஞ்சியது கடையின் கழிவு, அலுவலகச் செலவு, வரி, இலாபம். போட்ட பணம் நமக்குத் திரும்பவேண்டுமாயின் நூற்றில் ஐம்பது பெட்டிகள் கெடவேண்டும்! அத்தகைய பெட்டியை எவர்தாம் வாங்குவார்?

எந்திரங்கள் கெடுவதற்கும் ஒரு முறை உண்டென்று இயற்பியல் பயிலும் நண்பர் விளக்கினார். தயாரிப்புக் குறை இருப்பின் பெரும்பாலும் தொடக்க மாதங்களிலேயே வெளிப்பட்டுவிடும். தேய்மானத்தால் வரும் பழுதோ பல்லாண்டுகள் கழித்தே தலைகாட்டும். வரைபடமாக வரைந்தால் குளியல் தொட்டியைப் போலத் தோன்றுமாம். முதலாண்டு நிறுவனத்தின் பொறுப்பு. இறுதியாண்டுகள் நம் பொறுப்பு. நாம் காசு கொடுத்து வாங்குவது தொட்டியின் பள்ளமான நடுப்பகுதியை!

இங்கிலாந்தில் இச்சிக்கலை அரசே கவனித்தது. 2005ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணையின்படி, வீட்டு மின்பொருள்களுக்கான கூடுதல் உத்தரவாதத்தின் விலையைக் கடைக்காரர் வெளிப்படையாகக் காட்டவேண்டும். வாங்கியவர் 45 நாள்களுக்குள் வேண்டாமென்றால் முழுப்பணத்தையும் திருப்பித் தரவேண்டும். பணம் கட்டும் மேசையில் வரும் அவசரத்திற்கு நல்ல மருந்துதான்.

ஆயினும் கணக்கு மட்டுமே விடையாகாது. திடீரென ஐயாயிரம் ரூபாய் புரட்ட இயலாத குடும்பத்திற்கு அந்த இரண்டாயிரம் நிம்மதியின் விலையாக இருக்கலாம் அல்லவா? அம்மாவும் அப்படித்தான் எண்ணினார். பெட்டி ஒருநாள் நின்றால் மாவு புளித்துவிடும், வாடிக்கை போய்விடும்.

சென்ற சித்திரையில் பெட்டி நின்றேவிட்டது. உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. பழுது பார்க்க வந்தவர் கதவைத் திறந்தார்; அடுக்கியிருந்த பன்னிரண்டு மாவு டப்பாக்களைக் கண்டார்.

"வியாபாரம் பண்றீங்களாம்மா?"

"வீட்டுலதான்பா விக்கிறேன்."

அவர் தாளில் 'வணிகப் பயன்பாடு' என்று எழுதினார். இவ்வகை ஒப்பந்தங்கள் பலவற்றில் வீட்டு உபயோகம் மட்டுமே அடங்கும். மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, எலி கடித்தல் ஆகியவையும் பெரும்பாலும் விலக்கு. மின்னணுப் பலகைக்கும் கூலிக்கும் சேர்த்து 4,300 ரூபாயை நாங்களே கொடுத்தோம். உத்தரவாதம் எவருக்கு மிகவும் தேவையோ, அவரை விலக்கும் வரி ஒன்று ஏழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

அதன்பின்னர்தான் சட்டத்தைப் புரட்டினேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கில் வாங்குவோரை நுகர்வோராகக் கருதாது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் 'வணிக நோக்கில்' அடங்காது என்று அச்சட்டமே விளக்குகிறது. ஆகவே எந்தக் கோணத்தில் பார்த்தாலும் என் தாயார் நுகர்வோரே. ஒப்பந்த வரி செல்லுமா, செல்லாதா என்பது வேறு வழக்கு. முறையிடும் உரிமை உண்டென்பது வெள்ளிடைமலை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம்.

"ரெண்டாயிரத்துக்குக் கோர்ட்டா?" என்று அம்மா கேட்கிறார். இப்போது அவர் மாதம் நூறு ரூபாயைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவருகிறார். பெட்டி மறுபடி நின்றால் கொடுப்பதற்காம். நான் மனுவை எழுதி முடித்துவிட்டேன். அவர் கையொப்பம் மட்டுமே பாக்கி.