ஏரிக்கரை வழியே ஆவடி

சுற்றுலா என்றதும் சென்னையின் மேற்குப் புறநகரில் இருப்பவர்கள் தங்கள் ஊரை நினைப்பதில்லை. ஆவடியை அடுத்த சேக்காட்டில் குடியிருப்பவர் விடுமுறைக்கு ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போய் ஏரியில் படகேறிவிட்டு வருவார். கையில் காசு சேர்ந்தால் ஜெனீவா, லூசெர்ன் என்று ஐரோப்பாவின் பழைய ஏரிக்கரை நகரங்களையும் பார்த்து வருவார். தம் ஊரிலேயே ஓர் ஏரி இருப்பது அடைமழையில் தண்ணீர் தெருவுக்குள் வரும்போதுதான் அவருக்கு நினைவு வருகிறது. ஆனால் கொரட்டூர் தொடங்கி அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம், சேக்காடு, திருநின்றவூர் வரை நீளும் இந்தப் பகுதியே பழைய ஏரிக்கரை ஊர்களின் தொடர்தான். இதையும் அப்படிச் சுற்றிப் பார்க்கலாம். அதில் முதலில் பார்க்க வேண்டியது ஏரி. கோயில்கள் அதற்குப் பிறகுதான்.

காரணம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெரிய ஏரிகள் பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் நிறைந்தவை. மனிதர்கள் பிறகு வந்து கரையில் ஊர் கட்டினார்கள். இந்தப் பகுதி அடங்கிய தொண்டை மண்டலத்து ஏரிகளோ மனிதர்கள் கட்டியவை. இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆறுகளில் சில வாரங்களுக்கு மேல் தண்ணீர் நிற்பதில்லை. நிலமோ கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டு, மேட்டுப்பக்கத்தைத் திறந்துவிட்டால் மழைநீர் தானே வந்து தேங்கும். கரைக்குக் கீழே வயல், வயலை ஒட்டி ஊர், ஊரில் கோயில். ஏரி இல்லாமல் அந்த ஊர் இல்லை. அதைப் பராமரிப்பது எவ்வளவு பெரிய பொறுப்பாக இருந்தது என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சாட்சி. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை விரிவாக எழுதப்பட்டிருக்கிறது.

ஏரியைப் பார்ப்பதென்றால் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதல்ல. கரையின் வளைவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வயலுக்குத் தண்ணீர் விட்ட மதகு எங்கே, நிறைந்தால் வழிந்தோடும் கலங்கல் எங்கே என்று தேட வேண்டும். தூம்பு எனப்படும் பழைய மதகுகளில் இரண்டு கல்தூண்கள் தண்ணீருக்குள் நிற்கும். அவற்றின் நடுவே குறுக்குக் கல்லில் துளை. அந்தத் துளை வழியே கம்பை உயர்த்தினால் அடியிலுள்ள அடைப்பு விலகி, கரைக்கடியில் போகும் வழியாகத் தண்ணீர் வெளியேறும். ஒரு கம்பின் உயரத்தில் ஓர் ஊரின் பாசனமே அடங்கியிருந்தது. இத்தனை நுட்பம் கொண்ட ஒன்றை வெறும் பள்ளமாக நாம் பார்த்துப் பழகியது வருத்தம் தருகிறது.

கோயில்களும் இந்த நிலத்தோடு சேர்ந்தவையே. சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் கருவறை வாசலில் இரண்டு எருக்கந் தூண்கள் நிற்கின்றன. விரல் பருமனில் வேலியோரம் வளரும் எருக்கு, தூணாகும் அளவு தடித்திருக்கிறது. அதற்குப் பூண் போட்டுக் காத்திருக்கிறார்கள். புழலில் கோட்டை வைத்திருந்த குறும்பரைத் தொண்டைமான் என்னும் மன்னன் வென்று கொண்டுவந்தவை என்பது தலபுராணம். இங்கே நந்தி சிவனைப் பார்க்காமல் வெளியே பார்த்து அமர்ந்திருக்கிறது, தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட நிலையில். ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கும் லிங்கத்தைச் சித்திரை சதயத்தன்றுதான் காப்பில்லாமல் காண முடியும். மேற்கே திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நெஞ்சுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரும் இவ்வூர்க்காரர். இருதயாலீஸ்வரர் கோயில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெரிய ஏரியின் கரையில் ஏரி காத்த ராமருக்கும் இங்கே சன்னிதி உண்டு. கரை உடைந்துவிடுமோ என்ற அச்சமே வழிபாடாக மாறிய ஊர்கள் இவை.

நாறும் தண்ணீரைப் பார்க்க யார் வருவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆனால் பிரான்சின் அன்சி நகரத்தைப் பாருங்கள். வாய்க்கால் நடுவே பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம் நிற்கும் அந்த அழகிய பழைய ஊரின் ஏரியும், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சாக்கடை கலந்து கெட்டுக்கொண்டிருந்தது. 1957இல் கரையோர ஊர்களின் நிர்வாகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பொது அமைப்பை உருவாக்கின. ஏரியைச் சுற்றிலும் குழாய் பதித்து, கழிவுநீரை ஏரியில் விழாமல் வெளியே கொண்டுபோய்ச் சுத்திகரித்தன. இன்று ஐரோப்பாவின் மிகத் தூய ஏரிகளில் ஒன்று அது. ஊர்கள் சேர்ந்து செய்த வேலையால் வந்த தூய்மை அது. அந்த ஏரியை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் கரையில் இருந்ததால் நடந்த வேலை.

ஆட்களைக் கூட்டினால் ஏரி கெடும், நடைபாதையும் படகுத்துறையும் சேர்ந்து நீர்ப்பரப்பைச் சுருக்கிவிடும் என்பது இன்னொரு தடை. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பருத்திப்பட்டு ஏரிக்கரை 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட பிறகு மாலையில் நடக்கவும் பறவை பார்க்கவும் குடும்பங்கள் வருவது நல்லதே. ஆனால் பாதை பழைய கரையின் மேல் போக வேண்டும். தண்ணீர் நிற்கும் இடத்தில் மண் கொட்டிப் பாதை போட்டால் அடுத்த மழை அதற்குக் கணக்குக் கேட்கும். யாரும் எட்டிப் பார்க்காத ஏரிகளில்தான் குப்பை லாரிகள் துணிந்து இறங்குகின்றன, வரத்துக் கால்வாய்கள் ஓசையில்லாமல் மனைகளாகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

திருமுல்லைவாயிலிலும் திருநின்றவூரிலும் கோயிலாவது இருக்கிறது, சேக்காட்டில் என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். ஏரி இருக்கிறது. 1955 ஆவடி காங்கிரஸ் மாநாடும், 1961இல் வந்த டாங்க் தொழிற்சாலையும் இந்தப் பகுதிக்குப் புதிய வரலாற்றைக் கொடுத்து, பழையதை மறைத்துவிட்டன. பழையதைத் தேட வாகனமும் வழிகாட்டியும் தேவையில்லை. சென்ட்ரல் – அரக்கோணம் மின்ரயில் இந்த ஊர்களை ஒட்டியே போகிறது. மார்கழி, தை மாதங்களில், ஏரிகள் நிறைந்திருக்கும் நாட்களில் இறங்கி நடந்தால் நல்லது. கலங்கலில் வழிந்த தண்ணீர் எந்தக் கால்வாயில் இறங்கி எந்த ஏரியை நோக்கிப் போகிறது என்று பின்தொடரலாம். வழியில் எந்த இடத்தில் ஒரு சாலையோ வீட்டு வரிசையோ அதை மறிக்கிறது என்பதும் அப்போது கண்ணில் படும்.