மூன்றால் பெருக்கு, அறுபத்தொன்பதைக் கழி

31 என்ற எண்ணை 3 ஆக்க வேண்டும். 3ஆல் பெருக்கலாம், இல்லையென்றால் 69ஐக் கழிக்கலாம், வேறெதுவும் செய்யக்கூடாது. பெருக்கினால் 93, கழித்தால் 24, மறுபடி பெருக்கினால் 72, கழித்தால் 3. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் கொடுத்த இத்தகைய கணக்குகளை மாணவர்கள் போட்டுவிட்டார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் வழி ஒன்றே, மாறி மாறிப் பெருக்கிக் கழிப்பதுதான் என்று கண்டுகொண்டவர்கள் மிகச் சிலர். விடையைத் துரத்துவதிலேயே கவனம் தீர்ந்துபோனது. இதைக் கண்டு எழுந்த வியப்பிலிருந்து வளர்ந்த அவருடைய அறிதல் சுமைக் கோட்பாடு 1988இல் கட்டுரையாக வெளிவந்தது.

அதன்படி, புதிய விஷயங்களை மனம் ஒரே நேரத்தில் மூன்று நான்குக்கு மேல் கையாள்வது கடினம். ஏற்கெனவே நன்கு பதிந்தவற்றுக்கு இந்த நெருக்கடி இல்லை. எனவே பாடத்தைத் திரையில் அமைப்பவர் அந்தச் சிறிய இடத்தை எதற்குச் செலவழிக்கிறார் என்பதே கேள்வி.

எடுத்துக்காட்டாக, முக்கோணம் மேலே, விளக்கம் கீழே என்று இருந்தால் கண் ஏறி இறங்கியே களைத்துவிடும். விளக்கத்தைக் கோணத்தின் பக்கத்திலேயே எழுதினால் அந்த அலைச்சல் மிச்சம். படத்தைக் காட்டி விளக்கத்தைக் குரலில் சொன்னால் இன்னும் நல்லது என்று 1995இல் ஸ்வெல்லர் குழுவினர் வடிவியல் பாடங்களில் காட்டினார்கள். ஆனால் திரையிலுள்ள பத்தியை அப்படியே வாசித்துக் காட்டுவது பெரும்பாலும் இடைஞ்சல்தான். கூட்டங்களில் ஸ்லைடைப் படித்துக் காட்டுவோருக்கு இது கசக்கும்.

மெல்பர்னுக்கு மேற்கே வெரிபீயில், வீட்டில் ஆங்கிலமே பேசும் ஒரு குழந்தை தமிழ் எழுத்துப் பழகுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் யானை ஆடுகிறது, பின்னால் பாட்டு, ‘யானை’ என்ற சொல் துள்ளுகிறது, கீழே ஆங்கில எழுத்தில் அதே சொல். குழந்தை சிரிக்கும், ஆனால் ‘னை’யின் வளைவைப் பார்த்திருக்காது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் இதையே சொல்கிறார்: பாடத்துக்குத் தேவையற்ற படமும் இசையும் கற்றலைக் குறைக்கும்.

தேர்ந்தவர்களுக்குக் கதை வேறு. புதியவருக்குத் துணையான விரிவான விளக்கம், தெரிந்தவருக்குத் தடையாகிவிடும். ஆகவே முதலில் போட்டுக் காட்டிய கணக்கு, பிறகு பாதி போட்ட கணக்கு, அப்புறம் தானே போடுவது என்பதே பொருந்தும் வரிசை.

நியூ சவுத் வேல்ஸ் கல்வித் துறை 2017இல் அறிதல் சுமைக் கோட்பாட்டை ஆசிரியர்களுக்காகத் தொகுத்து வெளியிட்டது. விக்டோரிய அரசு 2024இல் அறிவித்த புதிய கற்பித்தல் முறையும் படிப்படியாக விளக்கிச் சொல்வதையே வலியுறுத்துகிறது. வெரிபீயின் அரசுப் பள்ளிகளுக்கும் அது பொருந்தும்.